வேட்டியும் முறையான உடைதான்: கப்பல் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பிய உங்கள் சொகுசுக் கப்பலில், முறையான உடையில் இரவு உணவுக்கு வர வேண்டிய ஃபார்மல் நைட் அன்று, வேட்டி கட்டியிருந்த என் அப்பாவை உணவக வாசலில் நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். கப்பலிலேயே எழுதிக் கொடுத்தோம். ஊர் திரும்பியதும் மின்னஞ்சலும் அனுப்பினோம். கருத்துக்கு நன்றி என்று மட்டும் பதில் வந்தது. அதனால்தான் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று. தமிழ்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து எங்களை அழைத்தவர்கள் நீங்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்கள் உடை விதியில் கோட்டும் டையும் இருக்கிற அதே வரியில், பயணிகளின் மரபு உடையும் ஏற்கப்படும் என்று சேருங்கள். வேட்டி என்று பெயர் சொல்லியே சேருங்கள்.

அன்று என் பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாள். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல நாளுக்கென்று வைத்திருக்கும் பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். அந்த வேட்டியை அன்று மதியம் இஸ்திரி போட்டுத் தந்ததே உங்கள் சலவைப் பிரிவுதான். அறையில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறீர்கள். தீ அபாயம் என்பதால் அந்த விதி நியாயம்தான், நாங்கள் குறை சொல்லவில்லை. கேட்ட கட்டணத்தைக் கொடுத்தோம், வேட்டி மடிப்புக் கலையாமல் ஹேங்கரில் வந்தது. மதியம் வாங்கி மடிப்பு வைத்துக் கொடுத்த துணி, இரவில் உள்ளே வரத் தகாத துணி ஆகிவிட்டது.

அம்மா அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு கட்டியிருந்தார். வாசலில் நின்ற இளைஞர் அம்மாவைப் பார்த்ததும் மிக அழகு என்று மனதாரச் சொன்னார். அடுத்து அப்பாவைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. கையிலிருந்த அட்டையைக் காட்டினார். இரவு உணவுக்கு அனுமதி இல்லாதவை என்று நீச்சலுடை, அரைக்கால் சட்டை, கடற்கரையில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி எல்லாம் ஒரே வரியில் இருந்தன. வேட்டியை அந்தக் கடைசி வகையில் சேர்த்துவிட்டார். செருப்புதான் பிரச்சினை என்றால் ஷூ மாட்டிக்கொண்டு வருகிறேன் என்று அப்பா தன்மையாகச் சொன்னார். அது இல்லை சார், பேண்ட் வேண்டும் என்றார் அவர். காலையில் ஊர் சுற்றப் போட்ட பருத்திப் பேண்ட் அறையில் கிடக்கிறது, அது போதுமா என்று நான் கேட்டேன். போதும், மேலே போட கோட் நாங்களே இரவல் தருகிறோம் என்றார். கசங்கிய பேண்ட்டும் யாருடையதோ ஒரு கோட்டும் சரி, சொந்தப் பட்டு வேட்டி சரியில்லை.

நீங்கள் உள்ளே போகலாம் அம்மா என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா போகவில்லை. நீச்சல் குளத்தை ஒட்டிய பஃபேயில்தான் அன்று சாப்பிட்டார்கள். ஈரத் தரையில் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தட்டோடு அம்மா வரிசையில் நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அன்று அதிகம் பேசவில்லை.

அந்த இளைஞர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அட்டையில் எழுதாததை அவரால் எப்படி அனுமதிக்க முடியும்? எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

உலகத்தில் இதைவிடக் கண்டிப்பான மேடைகள் இருக்கின்றன. ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு விழாவின் உடை விதி உங்கள் விதியைவிடக் கடுமையானது. அங்கே 2019 டிசம்பரில் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி வேட்டி கட்டி வந்துதான் சுவீடன் மன்னரிடம் பரிசு வாங்கினார். அவரோடு பரிசைப் பகிர்ந்த அவர் மனைவி எஸ்தர் டுஃப்லோ புடவையில் வந்தார். விழாவின் மதிப்பு இம்மியும் குறையவில்லை. உங்கள் தொழிலிலேயே பாருங்கள், முறையான மாலைகளுக்குப் பேர்போன குனார்ட் என்ற நிறுவனத்தின் கப்பல்களின் விதியில் தேசிய உடைக்கு இடம் உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் தங்கள் மரபு உடையான, பாவாடை போன்ற கில்ட் கட்டி வந்தால் எந்தக் கப்பலில் வாசலில் நிறுத்துகிறார்கள்? நிறுத்தவும் கூடாது. அந்த மரியாதையைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

எங்கள் ஊரிலும் இது நடந்தது. 2014 ஜூலையில் சென்னையில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியிருக்கிறார் என்று ஒரு கிளப்புக்குள் விடவில்லை. தமிழகமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தச் சட்டம் நடுக்கடலில் செல்லாது என்பது எனக்குத் தெரியும். சட்டம் வந்து சொல்ல வேண்டிய விஷயமா இது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் வாங்கும்போது நாங்கள் யார், எப்படி உடுத்துவோம் என்பது உங்களுக்கு இடைஞ்சலாக இல்லை. டிக்கெட் பணத்துக்கு மேல் தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், ஒரு சட்டை துவைக்க ஒரு சட்டை விலை, புகைப்படக்காரர் எடுத்த படத்துக்குத் தனிக் காசு. எல்லாம் கொடுத்தோம். ஆனால் உடை விதியை முன்பதிவின்போது முகவரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. கப்பலேறியபின் அறைக்கதவில் செருகிய தாளில்தான் பார்த்தோம். அதிலும் இந்திய ஆண்களுக்கு எது முறை என்று ஒரு சொல் இல்லை. விமானத்தில் கிலோக் கணக்குப் பார்த்துப் பெட்டி கட்டி வருகிறவர்கள் ஓர் இரவுக்காக கோட் சூட்டும் தூக்கி வர வேண்டுமா? அப்பாவின் வயதில் இருக்கும் எத்தனையோ பேர் வாழ்நாளில் கோட் போட்டதே கிடையாது. ஊரில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மேடைக்கும் அவர்கள் உடுத்துவது வேட்டியைத்தான்.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டு முடிக்கிறேன். அடுத்த பருவத்துக்கான பயணக் கையேட்டை அச்சிடும் முன் அந்த ஒரு வரியைச் சேருங்கள்: வேட்டி உள்ளிட்ட மரபு உடைகள் எல்லா முறையான மாலைகளிலும் ஏற்கப்படும். வாசலில் நிற்கும் ஊழியர்களுக்கு அதைப் படம் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். முன்பதிவுச் சீட்டிலேயே அது தெரியும்படி போடுங்கள். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அப்பாவின் பெயருக்கே எழுதுங்கள். முன்பதிவில் முகவரி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் கப்பலில் வந்த ஒரு பயணி