பச்சிளங்குழந்தை இரத்தம் கக்கினால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்து சில நாள்களே ஆன குழந்தை கக்கிய பாலில் இரத்தத்தைக் கண்டால் எந்தப் பெற்றோரும் நிலைகுலைந்து போவார்கள். அவர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த இரத்தம் பல வேளைகளில் குழந்தையுடையதே அன்று. பிரசவத்தின்போது குழந்தை விழுங்கிய தாயின் இரத்தமாகவோ, வெடித்துப் புண்ணான முலைக்காம்பிலிருந்து பாலோடு உள்ளே சென்றதாகவோ இருக்கலாம். குழந்தையின் ஹீமோகுளோபின் (இரத்தத்தின் சிவப்பு நிறமி) காரக் கரைசலில் எளிதில் சிதையாது, தாயுடையது சிதைந்து பழுப்பு மஞ்சளாகிவிடும் என்பதால், இரத்தம் யாருடையது என்பதை ஓர் எளிய ஆய்வகச் சோதனையால் பிரித்தறிய முடியும். எனவே கறை படிந்த துணியை அலசிவிடாமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். காம்பில் புண் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடவும் வேண்டியதில்லை.

ஆனால் இதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்வது ஆபத்து. இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே, பிறக்கும் குழந்தையின் உடலில் மிகக் குறைவு, தாய்ப்பாலிலும் சொற்பமே. பிறந்தவுடன் தொடையில் போடப்படும் ஊசி, வழக்கமாக 1 மில்லிகிராம், இக்குறையை ஈடுசெய்கிறது. அது விடுபட்டால் முதல் வாரத்திலேயே குடலிலோ தொப்புளிலோ இரத்தம் கசியலாம். அதைவிடக் கொடுமையாக, நன்றாகப் பால் குடித்து வளரும் குழந்தைக்கு 2 வாரம் முதல் 6 மாதம் வரையிலான காலத்தில் மூளைக்குள்ளேயே இரத்தம் கசியக்கூடும். கர்ப்ப காலத்தில் வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து உட்கொண்ட தாய்மார் அதை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்; அவற்றுள் சில மருந்துகளால் முதல் 24 மணி நேரத்திற்குள்ளும் இரத்தக்கசிவு நேரலாம்.

இரைப்பைப் புண், கிருமித்தொற்று, ஈரல் கோளாறு, பிறவியிலேயே இரத்தம் உறையாமை, பசும்பால் புரத ஒவ்வாமை ஆகியவையும் காரணமாகலாம். எதுவென்று மருத்துவர்தான் கண்டறிய வேண்டும். 3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான் என்பதை நினைத்தால், நமக்குச் சிறிதாகத் தெரியும் இழப்பு அதற்கு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். குழந்தை வெளிறினாலோ, சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, வயிறு உப்பினாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கைவைத்தியம் அறவே கூடாது.

வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, அது குழந்தையின் மருத்துவக் குறிப்பில் பதியப்பட்டதா என்று வீடு திரும்புமுன் ஒவ்வொரு பெற்றோரும் கேட்டறியுமாறு, தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் அவ்வப்போது நினைவூட்டி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்