கூரைக்கு ரெண்டு பக்கம்

அன்புள்ள கலா,

பொங்கலுக்கே எழுதுவதாகச் சொன்னேன், ஆயுத பூஜையும் வந்துவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை, உன்னைக் கேட்டார்கள்.

ஒரு விஷயம் நாலு நாளாக மனதை அரிக்கிறது. பத்தாம் வகுப்புக்கு ஆயத்தொலை வடிவியலில் தேர்வு வைத்தேன். மூன்று கோடுகள்: (1, 2), (3, 6) வழியாக ஒன்று, (0, 8), (2, 0) வழியாக ஒன்று, (0, 1), (4, 3) வழியாக ஒன்று. எதன் சாய்வு அதிகம்? ஒரு மதிப்பெண். ஒய் மாற்றத்தை எக்ஸ் மாற்றத்தால் வகுத்தால் சாய்வுகள் வரிசையாக 2, −4, 1/2. விடை முதல் கோடு, உனக்குச் சொல்லவா வேண்டும்?

ஒருத்தி இரண்டாவது கோடு என்று எழுதியிருந்தாள். −4 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருந்தாள். நான் தவறு போட்டேன். தாளைக் கொடுத்ததும் என் மேசைக்கு வந்து, இரண்டு கைகளையும் விரல்நுனி சேர்த்துக் கூரை மாதிரி பிடித்தாள். "எங்க வீட்டு ஓட்டுக்கூரைல ரெண்டு பக்கமும் ஒரே சாய்வுதானே டீச்சர்? ஒரு பக்கத்துத் தண்ணி மட்டும் மெதுவாவா ஓடும்?"

என்ன சொல்வது, கலா? இடமிருந்து வலம் போகும்போது கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் குறி சொல்கிறது. எவ்வளவு விறுவிறுவென்று என்பதை, குறியை நீக்கிய எண் சொல்கிறது. நான் கேட்டது முதலாவதையும் சேர்த்து. அவள் காதில் விழுந்தது இரண்டாவது மட்டும். ஊரில் சாய்வு என்றால் அதுதானே! செங்குத்தான கோடு எது என்று கேட்கலாமா என்றால், நம் பாடத்தில் செங்குத்து என்றால் 90 பாகை. அந்த வார்த்தையும் கைவிட்டது.

அந்த 90 பாகையைத்தான் மறுநாள் பலகையில் போட்டேன். எக்ஸ் அச்சோடு 89 பாகையில் நிற்கும் கோட்டுக்குச் சாய்வு ஏறக்குறைய 57. 91 பாகைக்கு −57. நடுவில் நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை. வகுப்பே கப்சிப். எத்தனை வருடம் இதைச் சூத்திரமாக மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அப்புறம், நம் மீனாட்சி டீச்சர் "அளவுத்திட்டம் எங்கே?" என்று உன் நோட்டை வீசியது நினைவிருக்கிறதா? எக்ஸ் அச்சில் 1 செ.மீ.க்கு 1 அலகும் ஒய் அச்சில் 1 செ.மீ.க்கு 5 அலகும் எடுத்தால் இதே −4 கோடு படுத்துக்கொள்கிறது. அதனால் அளவுத்திட்டம் தெரியாமல், ஒரு கோட்டின் சாய்வு எவ்வளவு என்று வரைபடத்தைக் கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது. டீச்சர் வீசியது நியாயம்தான், கோபித்துக்கொள்ளாதே.

அவளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை மறுதேர்வு. இந்தக் கேள்வியை நீ எந்த வார்த்தையில் கேட்பாய் என்று அதற்குள் எழுது.

உன்,
வசந்தி