சாட்சிக் கையெழுத்து

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு

ஏட்டி எஸ்தர்,

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். உன் கண் ஆபரேஷனுக்கு நான் வராததற்கு மூட்டுவலி காரணம் இல்லை. மூட்டு எப்போதும்போல வலிக்கத்தான் செய்தது, பஸ் ஏற முடியாத வலி இல்லை. அன்று காலையில் பையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒரு எபிசோடு போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மத்தியானச் சங்கு ஊதுகிறது. கொரியாவில் ஒரு வைத்தியனின் கையை வெட்டப் போகிறார்கள், நான் எப்படி எழுந்து வருவேன்? திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டி முடித்துவிட்டு மேலே படி.

கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து ஒழுங்காகப் போடுகிறாயா? நர்ஸுகளைப் போல மோசமான நோயாளி உலகத்தில் கிடையாது, நீ அதில் முதல் ரேங்க். செல்வராஜ் அண்ணனைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம், என்னோடு சண்டையில் இருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பேத்தி நிவேதா லீவுக்கு வந்தவள், "ஆச்சி, உனக்கு ஆஸ்பத்திரிக் கதைதானே பிடிக்கும்" என்று டிவியில் ஒன்றைப் போட்டுவிட்டாள். 'ஹோ ஜுன்' என்று பேர். 1999இல் ஆரம்பித்து 2000 வரை கொரியாவில் ஓடியதாம். 64 எபிசோடு. அந்த நேரத்தில் அங்கே பாதிக்குப் பாதி வீட்டில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்கிறாள். அரண்மனைச் சமையல்காரி ராஜவைத்தியர் ஆவாளே, அந்தத் தொடரை எடுத்தவரும் இதே டைரக்டர்தான். முதலில் பேத்தி தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். அவள் ஊருக்குப் போனபிறகு நானே நிறுத்தி நிறுத்தி, கீழே ஓடுகிற இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்தேன். உங்கள் அண்ணனுக்குப் பதினெட்டு நாள் ராத்திரி உப்புமாதான்.

கதை நானூறு வருஷத்துக்கு முந்தியது. ஹோ ஜுன் பெரிய இடத்து அப்பாவுக்கு வைப்பாட்டியிடம் பிறந்தவன். அந்த ஊர்ச் சட்டப்படி அப்படிப் பிறந்தவனுக்குப் பெரிய உத்தியோகம் கிடையாது. ஊரைவிட்டு ஓடிவந்து சான்சோங் மலைப்பக்கம் யூ உய்தே என்ற வைத்தியரிடம் சேர்கிறான். சேர்ந்ததும் நாடி பிடிக்கவா சொல்லிக்கொடுப்பார்? தண்ணீர் சுமக்கச் சொல்கிறார். எந்த மலைத் தண்ணீர் எந்தக் கஷாயத்துக்கு என்பதிலிருந்து பாடம். நம்மை முதல் மூன்று மாதம் பெட்பேன் கழுவவிட்ட மேட்ரன் அம்மாதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதே முகம், அதே முறைப்பு, தாடி மட்டும் கூடுதல்.

ஒரு போட்டி வரும் பார். உயிருள்ள கோழியின் உடம்பில் ஒன்பது ஊசி ஏற்ற வேண்டும், கோழி சாகக்கூடாது. நான் சிரித்த சிரிப்பில் உங்கள் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகச் சொன்னால், போட்டுவிட்டுப் பழத்தையும் தின்ற ஜெசிந்தாவை அந்தப் போட்டியில் விட்டிருக்க வேண்டும். கோழி மிஞ்சியிருக்காது.

நம் ஆட்களும் உண்டு. உய்னியோ என்று வைத்தியப் பெண்கள். ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்று பெண்கள் நோயை மறைத்தே செத்துப்போகிறார்கள் என்று 1406இல் ஆரம்பித்த ஏற்பாடு. யாரைப் பிடித்துப் படிக்க வைத்தார்கள் தெரியுமா? அரசாங்க அடிமைப் பெண்களை. நடுவில் ஒரு கிறுக்கு ராஜா அவர்களை விருந்தில் ஆடவும் விட்டிருக்கிறான். உயிரைக் காப்பாற்றவும் வேண்டும், உட்கார நாற்காலியும் கிடையாது. வார்டு ரவுண்ட்ஸில் நாம் நின்ற நிற்பு கொஞ்சமா! தொடரில் யே ஜின் என்று ஒருத்தி வருகிறாள், அழகென்றால் அழகு. ஆனால் எபிசோடுக்கு எபிசோடு ஹோ ஜுனைப் பார்த்துக் கண் கலங்குவதே அவளுக்கு முழுநேர வேலை. எனக்கு அதில் கோபம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் குருவுக்கு வயிற்றில் புற்று. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. மிர்யாங் என்ற ஊருக்குப் பக்கத்தில் கோடையிலும் பனிக்கட்டி உறைகிற பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. நிஜமாகவே உண்டாம். சீடனை அங்கே ஒரு குகைக்கு வரச்சொல்கிறார். இவன் போனால் குருவின் உடல் கிடக்கிறது, பக்கத்தில் கடிதம். என் உடம்பு கெடுவதற்குள் அறுத்துப் பார், உள்ளே இருப்பதைக் கற்றுக்கொள் என்று எழுதியிருக்கிறார். தாய் தகப்பன் கொடுத்த உடம்பில் கீறல் படுவதே பாவம் என்று நம்புகிற நாடு அது. அவன் அழுதுகொண்டே கத்தியை எடுக்கிறான்.

நான் டிவியை நிறுத்திவிட்டேன். ராத்திரி ஒரு மணி. பிணம் கெடாமல் இருக்க ஊற்றுவார்களே, அந்த ஃபார்மலின் வாசனை எனக்கு வந்தது, எஸ்தர். சத்தியமாக வந்தது. விடியும்வரை தூக்கமில்லை.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மருத்துவக் கல்லூரிக்குப் போய், உடற்கூறியல் துறையில் தேகதான விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டேன். அங்கிருந்த பையன் விவரமாகச் சொன்னான். கண்ணைத் தனியாகத் தானம் கொடுத்துவிட்டாலும் உடம்பை எடுத்துக்கொள்வார்கள். போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பு வேண்டாம். நாம் என்ன கையெழுத்துப் போட்டாலும், செத்தபிறகு கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டியது வீட்டு ஆட்கள்தான், அதனால் அவர்கள் சம்மதம் முக்கியம் என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

உங்கள் அண்ணன் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரிக்கு உழைச்சது போதாதா? செத்த பிறகும் டூட்டியா?" என்றார். சுரேஷ் துபாயிலிருந்து போன் போட்டு, கொள்ளி வைக்க மகன் இல்லையா என்று ஊர் கேட்குமே என்று கத்தினான். மருமகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே ஒரு மாதிரி இருந்தது. நான் விடவில்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் குகையில் கிடந்து செய்ததை ஏசி ரூமில் செய்ய நான் பயப்படுவேனா என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் நிவேதா போன் பண்ணினாள். "ஆச்சி, கோபப்படாதே. அந்த குரு நிஜ ஆள் இல்லை."

ஒரு நாவலில் உருவாக்கின ஆளாம். அதே சாயல் பெயரில் யூ இதே என்று நிஜ வைத்தியர் ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார், அம்மை நோயைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பிறந்ததே 1652இல். ஹோ ஜுன் செத்தது 1615. சீடன் செத்து 37 வருஷம் கழித்துப் பிறந்த குரு! உடலை அறுத்ததும் கட்டுக்கதை. இதில் வேடிக்கை, சான்சோங்கில் ஒரு மலை ஊற்றுக்கு அந்த இல்லாத குருவின் பெயரையே வைத்து, ஜனங்கள் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார்களாம்.

உங்கள் அண்ணனுக்கு அன்று தீபாவளிதான். "இல்லாத ஆளைப் பார்த்து உடம்பை எழுதிக்கொடுக்கப் போனவ" என்று பால்காரனிடம்கூடச் சொல்லிவிட்டார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் தொடர் பக்கமே போகவில்லை. பிறகு வீம்புக்கு நிவேதாவிடம் நிஜ ஹோ ஜுனைப் பற்றித் தேடிச் சொல்லச் சொன்னேன்.

தொடரில் ஒரு பிரபு கொடுத்த சிபாரிசுக் கடிதத்தை வாங்கி வந்ததற்காகக் குரு அவனை வீட்டைவிட்டே துரத்துவார். நான் கைதட்டினேன். நிஜத்தில் 1569இல் யூ ஹுய்சுன் என்ற பெரிய அதிகாரி சிபாரிசு செய்துதான் அரண்மனை வைத்தியசாலை என்ற பேச்சே வருகிறது! அந்த அதிகாரியின் டைரியிலேயே இருக்கிறதாம். அப்பா எம்.எல்.ஏ. லெட்டரோடு வந்த நம் கலாவதியை நான்கு வருஷம் நாம் பேசிய பேச்சுக்கு, அவளிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் ஆள் சாமானியம் இல்லை. 1590இல் இளவரசனுக்கு அம்மை கண்டபோது மற்ற வைத்தியர்கள் தயங்க, இவன் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தான். 1592இல் ஜப்பான்காரன் படையெடுத்தபோது ராஜா வடக்கு எல்லைவரை ஓடினார், இவனும் கூடவே போனான். 1596இல் ராஜா சொன்ஜோ ஒரு வைத்தியப் புத்தகம் தொகுக்கச் சொன்னார். அடுத்த வருஷமே மறுபடி படையெடுப்பு, கூட வேலை செய்தவர்கள் சிதறிப்போனார்கள். 1608இல் ராஜா செத்தார். பழி யார் மேல்? தலைமை வைத்தியன் மேல்! எல்லைப்புறத்துக்குத் தண்ணியில்லாக் காட்டு டிரான்ஸ்ஃபர். எழுபதை நெருங்குகிற மனுஷன், அங்கே உட்கார்ந்தும் புத்தகத்தை விடவில்லை. அன்று அம்மையிலிருந்து பிழைத்த இளவரசன்தான் புது ராஜா, அவன் திரும்ப அழைத்துக்கொண்டான். 1610இல் முடித்து, 1613இல் அச்சாயிற்று. 25 புத்தகம். பணக்கார மருந்தெல்லாம் சீனாவிலிருந்து வர வேண்டிய காலத்தில், அந்த மண்ணில் முளைக்கிற மூலிகைக்கு ஜனங்கள் பேசுகிற பெயரையும் அவர்கள் எழுத்திலேயே போட்டிருக்கிறான். படிக்காதவன்கூட வேலியோரம் பறித்துக்கொள்ளட்டும் என்று.

இவ்வளவு தெரிகிற ஆளுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தது யார் என்று மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை. அதனால்தான் கதைக்காரர் ஒரு குருவைச் செய்துகொண்டார் போல.

அதைக் கேட்டதும்தான் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். 1976, முதல் வருஷம். உடற்கூறு வகுப்பில் மேஜையில் கிடந்த நம் தாத்தா. கால் கட்டைவிரலில் நம்பர். பெயர் கிடையாது, கேட்டு வந்த ஆள் கிடையாது. வலது முழங்கையில் 'வள்ளி' என்று பச்சை குத்தியிருந்தது. பொண்டாட்டியா மகளா என்று ராத்திரி ஹாஸ்டலில் நாம் அடித்துக்கொள்ளவில்லையா? ஜெசிந்தா மயங்கி விழுந்தாள், நான் வாசலுக்கு ஓடினேன், நீ மட்டும் நின்று ஜெபம் பண்ணினாய். இருதயம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தது அவரிடம்தான். அவரை யாரும் கேட்கவில்லை, எஸ்தர். கொடுக்கிறாயா என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அவருக்காக நான் ஒரு நாளும் அழுததில்லை. நாவலில் வருகிற ஒரு தாடிக்காரருக்காக இரண்டு கைக்குட்டை நனைத்திருக்கிறேன்.

இதை உங்கள் அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். "கண்ணைக் கொடு, மத்தத பெறகு பாக்கலாம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பாதி தூரம். சுரேஷ் இன்னும் பேசவில்லை.

விண்ணப்பத்தில் இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நிவேதா, பதினெட்டு முடிந்துவிட்டது, போடுகிறேன் என்றாள். இன்னொன்று நீ. உன் சபையில் இதற்கு என்ன சொல்வார்களோ, அதையெல்லாம் யோசித்துக்கொண்டு வா. வேண்டாம் என்று தோன்றினால் நேரில் வந்து சொல், போனில் வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தால் நல்லது, அன்று உங்கள் அண்ணன் பென்ஷன் சங்கக் கூட்டத்துக்குப் போய்விடுவார்.

இன்னும் ஏழு எபிசோடு பாக்கி வைத்திருக்கிறேன். கொள்ளைநோய்க்காரர்களைப் பார்க்கப் போய் அங்கேயே செத்துப்போவான் என்று நிவேதா உளறிவிட்டாள். தனியாகப் பார்க்க மனசில்லை. நீ வந்ததும் சேர்ந்து பார்ப்போம். உப்புமா இல்லை, மீன் வாங்குகிறேன்.

கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வா, பஸ்ஸில் தூசி. எழுதும்போது மட்டும் கழற்று. நம் ஃபேர்வெல் படத்துக்குப் பின்னால் என் பெயருக்கு நேரே நீ கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாய், அந்த மாதிரி இதிலும் இடம் மாற்றிப் போட்டுத் தொலைத்துவிடாதே.

உன்,
பாக்கியம்