கோட்டும் சைக்கிளும்: ‘கபாலி’ திரையிடும் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் திரைப்பட ரசனைக் கூட்டம் நடத்தும் தமிழ் இளைஞர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும், கல்லூரித் தமிழ்க் கழகத்தினருக்கும்,

வணக்கம்.

நம் நாட்டுத் தமிழரை நடுவில் வைத்து எடுத்த படம் என்றதும் ‘கபாலி’தான் எல்லார் நாவிலும் முதலில் வருகிறது. சிறையிலிருந்து வெளிவரும் கும்பல் தலைவன் கபாலியாக ரஜினிகாந்த் நடித்து, 2016 ஜூலை 22இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் அந்தப் படத்தை இன்றும் மன்றங்களில் போட்டுப் பேசுகிறோம். பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. முதலில் முன்னோட்டக் காட்சி, விசில், கைதட்டல். அடுத்து ஒருவர் எழுந்து, கபாலியின் கோட்டு அம்பேத்கரைக் குறிக்கிறது என்பார். இன்னொருவர் குண்டர் கும்பல் ஆபத்து என்று எச்சரிப்பார். அதற்குள் தேநீர் வந்துவிடும். நம்மவர் கூலிக்கு உழைத்த ரப்பர்த் தோட்டம் பேச்சுக்குள் வருவதே இல்லை. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பேச்சைத் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

அந்த முன்னோட்டத்தின் புகழ்பெற்ற வசனத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய படங்களில் கபாலி என்றால் மருவும் மீசையும் வைத்த அடியாள்; எஜமான் கூப்பிட்டால் குனிந்து வந்து நிற்பவன். அந்தக் கபாலி நானில்லை என்கிறான் இவன். குனிவதும் நிமிர்வதும் படம் முழுக்க ஓடுகிற இழை. யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் கால்மேல் கால் போடுகிறார், யார் என்ன உடுத்துகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தால் கதை விளங்கிவிடும். காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதற்கும் காரணம் உண்டு என்று படமே சொல்கிறது. தொடக்கத்தில் சிறையில் கபாலி கையில் இருப்பது ஒய்.பி. சத்யநாராயணாவின் ‘மை ஃபாதர் பாலய்யா’. தெலங்கானாவின் ஒரு தலித் குடும்பம் ரயில்வே வேலைவழியாகத் தலைமுறை தலைமுறையாக மேலேறி வந்த வரலாறு அது. ஆகவே அம்பேத்கரைச் சொல்பவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவதுதான் எங்களுக்கு வருத்தம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலை மன்றத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, ஒழுங்கான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை, பெண் தொழிலாளரிடம் அத்துமீறல் கூடாது. இவற்றோடு ஒரு கோரிக்கை தனியாக நிற்கிறது. வெள்ளைக்காரத் துரையோ அலுவலகத்தாரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும். கூலிக்குச் சமமான இடத்தில் சைக்கிளை வைத்துக் கேட்டிருக்கிறார்கள் நம் பாட்டன்மார். எதிரே வருகிறவனைப் பார்த்து இறங்கமாட்டேன் என்று சொன்ன அந்த உடம்புதான், 75 ஆண்டு கழித்துத் திரையில் கோட்டுப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இயக்குநர் இந்தக் கோரிக்கையை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நாங்கள் சொல்லவில்லை. கோலாலம்பூரில் உட்கார்ந்து பார்க்கும் நாம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம், பார்க்கவேண்டும்.

அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். 1941 மே மாதம் அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டார்கள். படத்தில் நாசர் ஏற்ற தலைவர் பாத்திரத்தின் பெயர் தமிழ்நேசன் என்பதை இந்த இடத்தில் சொல்லுங்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அந்த நாளிதழின் பெயர் இளையவர்களில் பலருக்குத் தெரியாது.

சம கூலிப் பேச்சில் ஒரு வழுக்கல் உண்டு. படத்தில் எதிரி சீனக் கும்பல் தலைவன் டோனி லீ, அவனுடைய 43ஆம் எண் கும்பல். இதை அப்படியே வரலாற்றின்மேல் ஏற்றினால், தமிழனின் கூலியைச் சீனன் தின்றான் என்று முடியும். நடந்தது வேறு. சீனத் தொழிலாளர் பெரும்பாலும் குத்தகைக்காரருக்குக் கீழே, செய்த வேலையின் அளவுக்குக் காசு வாங்கினார்கள். நம்மவர் தோட்ட நிர்வாகத்திடம் நாட்கூலிக்கு நின்றார்கள். அந்த நாட்கூலியைத் தோட்ட முதலாளிகள் கூடிப் பேசித் தாழ்த்தியே வைத்திருந்தார்கள். கடலுக்கு அப்பாலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்ததால் அது முடிந்தது. 1938இல் இந்திய அரசு கூலிக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தபின் அந்த வரத்து நின்றது, மூன்றே ஆண்டில் கிள்ளானில் கோரிக்கை கிளம்பியது. நெறியாளர் இந்த இரண்டு கூலிமுறைகளையும் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டால் கூட்டம் இனச்சண்டையாகத் திரும்பாது.

படத்தில் எங்களுக்குப் பெரிய குறை, தோட்டக் காட்சி சீக்கிரம் முடிந்துவிடுவது. பின்பாதியின் துப்பாக்கிச் சத்தத்தில் பத்து நிமிடத்தைப் பிடுங்கி இங்கே கொடுத்திருக்கலாம். அந்த வேலை என்னவென்று தெரியாத பிள்ளைக்குக் கபாலியின் கோபம் வெறும் கதாநாயகக் கோபமாகத்தான் தெரியும். அதனால் படத்துக்கு முன்பே வேலையைச் சொல்லிவிடுங்கள்.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் கூப்பிட்டதும் ஆளுக்கொரு நிரை, அதில் 400 முதல் 600 கித்தா (ரப்பர்) மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு வெட்டத் தொடங்கவேண்டும். மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, இடப்பக்கம் மேலாகவும் வலப்பக்கம் தாழ்வாகவும், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வெட்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் எதிர்ச்சாய்வில் சுற்றி ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே வளர்திசு காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அந்த இடத்தில் வெட்ட முடியாது. தோட்டக் கணக்கரான கிராணியிடம் ஏச்சு வாங்கவேண்டும். மழையில் பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மங்கில் (பால் பிடிக்கும் கோப்பையில்) சேராது, அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு அடிமரத்துக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் குனியவேண்டும். ஒரு காலையில் 500 மரம் என்றால் 500 குனிவு. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, அதன்பிறகு ‘குனிந்து வந்து நிற்கும் கபாலி’ வசனத்தைப் போடுங்கள். இப்போது அரங்கு எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். இந்த வேலையில் பெரும்பங்கு சுமந்த பெண்களைப் படம் தோட்டத்தில் போதிய அளவு காட்டவில்லை. கபாலியின் மனைவி குமுதவல்லியையும் மகள் யோகியையும் நன்றாக எழுதியவரிடம் அதையும் எதிர்பார்க்கத் தோன்றுகிறது.

பறவைக் காட்சியும் தோட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுசாக விளங்கும். வளர்ப்புப் பிராணிக் கடையில் கபாலி கூண்டைத் திறந்துவிட்டு, பறப்பது பறவையின் இயல்பு, வாழ்வா சாவா என்பதை அதுவே முடிவு செய்யட்டும், உன் கருணை அதன் சாவைவிடக் கொடியது என்கிறான். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், மருந்துக்கடை, கள்ளுக்கடை எல்லாம் நிர்வாகத்தின் கருணை. வேலை போனால் வீடும் போகும். கூண்டு திறந்தபோது நடந்ததும் அதுதான். 1990களில் பெராங் பெசார் முதலிய தோட்டங்களின் நிலத்தில் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்தது. அங்கே தலைமுறையாக இருந்த குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. மரம் வெட்டத் தெரிந்த கைக்கு நகரத்தில் வேலை இல்லை. படத்தில் வரும் பள்ளியில் உட்கார்ந்து கபாலியிடம் கேள்வி கேட்கும் பையன்கள் அப்படிப்பட்ட அடுக்குமாடிகளின் பிள்ளைகள்.

கும்பல் பேச்சு வரும், வரட்டும். 2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்ட நாடு இது. மூடி மறைக்க முடியாது. ஆனால் உண்மையான கும்பல் எண் எதையும் மன்றத்தில் உரக்கச் சொல்லவோ பலகையில் எழுதவோ வேண்டாம். பின்வரிசையில் ஒரு பையன் தோளை நிமிர்த்துவான், பேச்சு அவன் கைக்குப் போய்விடும்.

இசைக்கு வருவோம். சந்தோஷ் நாராயணனின் ஐந்து பாடல்களில் ‘நெருப்புடா’ மட்டும் பேசப்படுகிறது. அருண்ராஜா காமராஜ் எழுதிப் பாடிய அது அரங்கைத் தூக்கும் பாட்டு, மறுக்கவில்லை. நீங்கள் எடுத்துப் பேசவேண்டியது கபிலன் எழுதிய ‘உலகம் ஒருவனுக்கா’. அதில் கானா பாலாவின் குரலும் நம் ரோஷன் ஜாம்ராக்கின் ராப்பும் ஒரே தாளத்தில் உட்காருகின்றன. கானா வடசென்னை உழைப்பாளர் குடியிருப்பில், சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. மலேசியத் தமிழ் ராப் கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் வளர்ந்தது. இங்குள்ள யோகி பி நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ பாடல் தொகுப்பு 2006இலேயே வந்துவிட்டது. ராப் சென்னையிலிருந்து இங்கே வந்தது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டைச் சொன்னால் போதும். உமாதேவி எழுதிய ‘வீரத் துரந்தரா’வின் இரண்டாம் சொல்லை ஒரு நிமிடம் நின்று விளக்குங்கள். துரந்தரன் என்றால் பாரம் சுமப்பவன், அதனால் தலைவன். காவடியும், பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்பும் சுமந்த ஊரில் இந்தச் சொல் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அவரே எழுதிய ‘மாய நதி’யை இரைச்சல் அடங்கிய நேரத்தில் போடுங்கள். 25 ஆண்டுச் சிறைக்குப் பின் மனைவியைக் கண்ட மனிதனின் தயக்கம் அதன் மெதுவான நடையில் இருக்கிறது.

கைப்பேசியிலோ மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியிலோ பாடலைப் போடாதீர்கள். அடித்தாளம் முழுக்க விழுந்துவிடும், மிஞ்சுவது குரலும் சலசலப்பும்தான். காது உயரத்தில் இரண்டு பெட்டி, தரையில் தாழ்ஒலிப் பெட்டி ஒன்று போதும். சமூக மண்டபத்தின் ஓடும் சிமெண்டுத் தரையும் எதிரொலிக்கும்; ஒலியைக் கூட்டினால் சொல் கலங்கும். பின்வரிசையில் ஒருவரை உட்காரவைத்து வரிகள் விளங்குகின்றனவா என்று கேட்டபின் கூட்டத்தைத் தொடங்குங்கள். பாடலை முதலில் படமில்லாமல், அடுத்து படத்தோடு கேட்கவையுங்கள்.

திரையிடுவதற்கு முன் இரண்டு வேலை. விநியோக உரிமை உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தணிக்கை வாரியம் அனுமதித்த உள்ளூர்ப் பதிப்பையே போடுங்கள். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் மன்றக் கூட்டத்தையும் பிடிக்கும். இதில் இன்னொரு சிக்கல், முடிவு இரண்டு. இந்தியப் பதிப்பில் கபாலியின் பள்ளியைச் சேர்ந்த இளைஞன் டைகர் கபாலியை நெருங்குகிறான், திரை இருள்கிறது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. இங்கே வந்த பதிப்பில் கபாலி போலீசில் சரணடைந்ததாக முடிகிறது. பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் மற்றதையும் பார்த்துவிட்டு வந்து அரைமணி நேரம் வீணாகச் சண்டை போடுவார்கள். எந்த முடிவு திரையிடப்பட்டது, மற்றது எப்படி என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் கருத்தில் இருளில் கேட்கும் அந்தச் சத்தம்தான் கதைக்குப் பொருந்துகிறது.

இரண்டரை மணிப் படத்தையும் பேச்சையும் ஒரே மாலையில் வைத்தால் பேசும்போது நாற்காலிதான் மிஞ்சும். முதல் வாரம் படம் மட்டும். இரண்டாம் வாரம் இரண்டு மணி நேரத்தில் ஆறு துண்டுகள், ஒவ்வொன்றும் நான்கு நிமிடத்துக்குள்: சிறைப் புத்தகம், பறவை, பள்ளியில் கேள்வி நேரம், தோட்டம், குமுதவல்லியைக் காணுதல், கடைசி நிமிடம். ஒவ்வொன்றையும் முதலில் ஒலியில்லாமல் ஓட்டி, நிற்பவர், உட்கார்ந்தவர் என்று இரண்டு பத்தி போட்ட தாளில் குறிக்கச் சொல்லுங்கள். வசனம் இல்லாதபோதுதான் உடம்பு பேசுவது தெரியும்.

முடிந்தால் மூன்றாவது வாரம் ஹங் துவா எல்ஆர்டி நிலையத்தில் கூடுங்கள். பக்கத்திலேயே, புதிய அங்காடி வளாகத்தின் வாசலில், 1895இல் கட்டிய புடு சிறையின் நுழைவாயில் மட்டும் நிற்கிறது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4இல் தூக்கிலிட்டது அந்தச் சிறையில். படம் காட்டும் சிறை எதுவானாலும், நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவேண்டிய சிறைவாசல் இது.

கடைசியாக, பால்வெட்டு வேலை செய்த பெரியவர்கள் நான்கைந்து பேரையாவது இரண்டாம் வாரத்துக்கு அழைத்து வாருங்கள். பிரமுகர் பெயர்ச்சீட்டு ஒட்டும் முன்வரிசையில் அவர்களை உட்காரவையுங்கள். தோட்டத் துண்டு முடிந்ததும் முதல் பேச்சு அவர்களுடையது. பேசுவதற்கு எழுந்து நிற்கச் சொல்லவேண்டாம்; ஒலிவாங்கியை அவர்கள் நாற்காலிக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூர்த் திரைப்பட ரசனையாளர் சிலர்