நீ கேட்ட பச்சைத் தொப்பி

நாந்த்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் போடாததற்கு முழங்காலைச் சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் எழுதுவது கையல்லவா என்று நீ கேட்பாய். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. மருத்துவர் மாடிப்படி வேண்டாம், சைக்கிள் ஓட்டலாம் என்கிறார். இந்த வயதில் நமக்குக் கிடைத்த ஒரே நல்ல உத்தரவு.

சைக்கிள் என்றதும் உன் கேள்வி ஞாபகம் வந்துவிட்டது. நான் அனுப்பிய பச்சைத் தொப்பியில் 'யூரோப்கார்' என்று இருக்கிறது, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் தேடினால் அப்படி ஒரு அணியே இல்லையே, ஏமாந்து வாங்கினாயா என்று உன் பேரன் கேட்கிறானாம். ஏமாறவில்லை என்று சொல். அந்த அணி இருக்கிறது. பெயர்தான் போய்விட்டது.

அதை வாங்கியது 2011 ஜூலையில். அந்த ஆண்டு டூர் எங்களுக்குத் தெற்கே இருக்கும் வான்தே மாவட்டத்தில் தொடங்கியது. முதல் நாள் முடிவு அலூவெத் குன்றின் மேல். வெயிலில் மூன்று மணிநேரம் நின்று, இருபது நொடி பார்த்தேன். சர்ரென்று வந்தார்கள், போனார்கள். அப்புறம் சாலையோரக் கடையில் இந்தத் தொப்பி.

இந்த விளையாட்டின் பணக்கஷ்டமே அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கால்பந்து என்றால் டிக்கெட் விற்கலாம். மலைப்பாதையில் யாரிடம் டிக்கெட் கேட்பது? தொலைக்காட்சிப் பணம் பந்தயம் நடத்துகிறவர்களுக்குப் போகிறது, அணிகளுக்கு அதில் பங்கு இல்லை. ஆக, அணிக்குச் சோறு போடுவது சட்டையில் பெயர் எழுதுகிற கம்பெனி. அவர்கள் கிளம்பினால் அடுப்பு அணைந்தது.

முன்பெல்லாம் சைக்கிள் தயாரிப்பவர்கள்தான் அணி வைத்திருந்தார்கள். ஐம்பதுகளில் ரஃபேல் ழெமினியானி என்கிற வீரர் 'சான் ரஃபேல்' என்ற மதுபானக் கம்பெனியைப் பிடித்து வந்தார். வெளிக் கம்பெனி கூடாது என்று சைக்கிள் சம்மேளனம் தடுத்ததாம். அது மதுவின் பெயர் இல்லை, என் சொந்தப் பெயர் என்று இவர் வாதாடினாராம். நடந்ததோ, அழகுக்குச் சேர்த்ததோ, எனக்குப் பிடித்த கதை. டூரை நடத்தியவர்களும் லேசில் விடவில்லை. 1930 முதல் நாட்டுவாரி அணிகள்தான், கம்பெனி அணிகளுக்கு இடமில்லை என்று வைத்திருந்தார்கள். 1962-ல் கம்பெனி அணிகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு வென்ற ழாக் அன்கெத்தில் ஓட்டியது எந்த அணிக்கு என்கிறாய்? அதே சான் ரஃபேல்.

சரி, உன் தொப்பிக்கு வருகிறேன். அந்த அணி ழான்-ரெனே பெர்னோதோ என்கிற வான்தேக்காரருடையது. பெரிய சாம்பியன் பெர்னார் இனோவுடன் ரெனோ அணியில் ஓட்டியவர், 1979 டூரில் இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டை பெற்றவர். ஓய்வுக்குப் பின் ஊரிலேயே 'வான்தே யு' என்று ஓர் இளைஞர் சங்கம் தொடங்கிப் பையன்களைத் தயார் செய்தார். 2000-ல் அவர்களை வைத்துத் தொழில்முறை அணி. முதல் பெயர் 'போன்ஜூர்', அதாவது வணக்கம். அந்தப் பெயரில் இலவச விளம்பரப் பத்திரிகை ஒன்று இருந்தது, அவர்கள் காசு. 2003-ல் 'பிரியோஷ் லா பூலான்ஜேர்'. பிரியோஷ் வெண்ணெயும் முட்டையும் போட்ட ரொட்டி, வான்தேயில் விசேஷம். உள்ளூர் அணிக்கு உள்ளூர் ரொட்டி.

2004-ல் தோமா வோக்லேர் என்ற இருபத்தைந்து வயதுப் பையன், மொத்த நேரத்தில் முன்னால் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டையைப் பிடித்தான். வளர்ந்தது மார்த்தினிக் தீவில், சைக்கிள் படித்தது பெர்னோதோவிடம். அமெரிக்க வீரர் ஆம்ஸ்ட்ராங்கைவிட ஒன்பதரை நிமிடம் முன்னால் இருந்தான். மலையில் எல்லாம் கரைந்து பிளாத்தோ த பெய் உச்சியில் 22 நொடி மிச்சம். பத்து நாள் அந்தச் சட்டை அவன் மேல் இருந்தது. நாடே அந்த ரொட்டியின் பெயரைச் சொன்னது. ஆண்டு முடிவில் ரொட்டிக் கம்பெனி விலகிக்கொண்டது!

அடுத்து புயீக் டெலிகாம், தொலைபேசிக் கம்பெனி. 2010 டூரில் அடுத்தடுத்த நாளில் வோக்லேரும் ஃபெத்ரிகோவும் ஆளுக்கொரு கட்டம், அதாவது ஒரு நாள் ஓட்டம், வென்று கொடுத்தார்கள். அவர்களும் போனார்கள். வென்றால் ஸ்பான்சர் தங்குவார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். இவர்கள் கணக்கு அப்படிப் போவதில்லை. பெயர் ஊருக்குத் தெரிந்துவிட்டதா, வேலை முடிந்தது.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பெர்னோதோ வாசல் வாசலாக ஏறி இறங்கினார். வோக்லேருக்கு வேறு அணியிலிருந்து அழைப்பு இருந்தும் போகவில்லை. கடைசி நேரத்தில் வாடகைக் கார் கம்பெனி யூரோப்கார் கையெழுத்திட்டது. பச்சைச் சட்டை வந்த கதை அதுதான்.

முதல் ஆண்டிலேயே மறுபடி வோக்லேர், மறுபடி மஞ்சள், மறுபடி பத்து நாள். கலிபியே உச்சியில் நாக்கைத் துருத்திக்கொண்டு வந்து 15 நொடியில் சட்டையைக் காப்பாற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கிழவர் சுவரைத் தட்டினார். நான் கத்தியதற்குக் கோபம் என்று நினைத்தேன், அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஆல்ப் துவெஸ் மலையில் மஞ்சள் போய்விட்டது. ஆனால் உச்சியில் முதலில் வந்தது அதே அணியின் பியேர் ரோலான். 1986-ல் இனோ வென்றபின் அங்கே பிரெஞ்சுக்காரர் யாரும் வென்றதில்லை. வோக்லேர் கடைசியில் நான்காம் இடம். குவாதலூப் தீவின் யோஆன் ழேன் என்ற கறுப்பின வீரரும் அந்த டூரில்தான் முதன்முதலாக ஓட்டினார், அதே பச்சைச் சட்டையில்.

2015 முடிவில் யூரோப்காரும் போனது. 2016-ல் திரெக்ட் எனெர்ழி, மின்சாரம் விற்பவர்கள். அவர்களை டோட்டல் எண்ணெய்க் கம்பெனி வாங்கியதும் அணிக்கு 2019-ல் டோட்டல் திரெக்ட் எனெர்ழி, கம்பெனி பெயர் மாற்றியபோது 2021-ல் டோட்டல் எனெர்ழி. பத்திரிகையில் தொடங்கி எண்ணெய்க்கு வந்தாயிற்று. பேரனை இந்தப் பெயரில் தேடிப் பார்க்கச் சொல்.

தொப்பியைத் துவைக்கும்போது வெந்நீர் வேண்டாம், என்னுடையது சாயம் போய்விட்டது. மீனாவின் கல்யாணத் தேதி முடிவானதும் எழுது, டிக்கெட் போட வேண்டும். வரும்போது பிரியோஷ் கொண்டுவருகிறேன். இரண்டு நாளில் காய்ந்துவிடும், ஆனால் காபியில் தோய்த்தால் பரவாயில்லை.

அன்புடன்,
ராகவன்