ஹார்மோனியம் எழுதுகிறேன்

அன்புள்ள சரோ,

நலம். நீயும் நலம்தானே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நாற்பது நிமிஷம் பேசினோம். அதில் பன்னிரண்டு தடவை இருமினாய். எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் "ஒண்ணுமில்லடி, தொண்டை கரகரப்பு" என்றாய். நடுவில் ஒரு தடவை சிரித்தாயே, சிரிப்பு நின்ற பிறகும் உள்ளே ஒரு விசில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? என் நெஞ்சில் அதைக் கேட்டுத்தானே எட்டாம் வகுப்பில் எனக்கு ஹார்மோனியம் என்று பெயர் வைத்தாய்!

பேரனுக்கு இரண்டு பல். மாப்பிள்ளைக்கு மறுபடி மாற்றல். செய்தி முடிந்தது, இனி விஷயம்.

ஆறு மாதமாக நான் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. எனக்குக் கண்ணில் அழுத்தம், குளுக்கோமா. உனக்குக்கூடச் சொல்லவில்லை. அம்மா கடைசியில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்ததை நீ பார்த்திருக்கிறாய். வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று ஒரு கோழைத்தனம். கண் டாக்டர் காலையும் மாலையும் விட ஒரு சொட்டு மருந்து எழுதினார். எழுதுமுன், "ஆஸ்துமா, வீசிங் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பொய் சொல்லும் எண்ணமில்லை, சத்தியமாக. இழுப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது சின்ன வயசுக் கதை, வியாதிக் கணக்கில் சேராது என்று மனசே முடிவு கட்டிவிட்டது. பள்ளிக்கூடமே ஹார்மோனியம் என்று கூப்பிட்ட ஒருத்தி, கூசாமல் "இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் இருமல் ஆரம்பித்தது. வறட்டு இருமல். பகலில் சாது, ராத்திரி இரண்டு மணிக்கு ராட்சசன். அப்புறம் மாடி ஏறினால் விசில். முதல் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அடுத்தவர் இருமல் சிரப். மூன்றாமவர், வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையை அரிக்கிறது என்று மாத்திரை எழுதினார். (அவரைக் குறை சொல்ல மாட்டேன், பல பேருக்கு அது நிஜமாகவே காரணம்.) எக்ஸ்ரே சுத்தம். மூன்று பேரும் "வேற என்ன மாத்திரை எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார்கள். "ஒன்றுமில்லை" என்றேன். சொட்டு மருந்து மாத்திரையா என்ன?

ஒரு ராத்திரி வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெபுலைசர் வைத்தும் அரைகுறையாகத்தான் அடங்கியது. மறுநாள் நெஞ்சு டாக்டர் வந்தார். பேச்சே இல்லாத மனுஷர், நம் கணக்கு சார் மாதிரி. கடைசியாகக் கேட்டார்: "கண், மூக்கு, காது, எதுலயாவது ஏதாவது விடறீங்களா?"

டிமோலால் என்று பெயர், சரோ. 1978 முதல் உலகம் முழுக்கக் கண் அழுத்தத்துக்குக் கொடுக்கிற நல்ல மருந்து. கண்ணில் விட்டது நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று சண்டைக்கே போனேன். "அழுதா ஏன் மூக்கு ஒழுகுது?" என்றார். அதே வழிதான். கண்ணின் உள்மூலையில் இருக்கும் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. விழுங்கிய மாத்திரை முதலில் ஈரலில் பாதி கரைந்துபோகும். இதற்கு அந்தத் தடை இல்லை. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகாமல் இருக்க உடம்பே ஓர் உத்தரவு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த உத்தரவு நுழைகிற கதவை டிமோலால் அடைத்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. முக்கியமாகப் பழைய இழுப்புக்காரர்களுக்குத்தான் குழாய் சுருங்கிக்கொள்ளும். நெபுலைசரில் வைக்கும், குழாயை விரிக்கிற சால்பூட்டமாலும் அதே கதவைத்தான் தட்டியாக வேண்டும், அதனால்தான் அன்றைக்கு அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

உடனே நிறுத்திவிடுகிறேன் என்றேன். "நிறுத்தினா கண் போயிடும், மாத்தணும்" என்றார். கண் டாக்டரிடம் அவரே பேசினார். இப்போது ராத்திரிக்கு ஒரே சொட்டு, வேறு வகை. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை ஓரிரு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். இந்தப் புது மருந்தால் இமை மயிர் நீளமாக, கருப்பாக வளருமாம். வளர்கிறது! பதினெட்டு வயசில் நீ மை பூசிப் பூசிப் பார்த்தும் வராத அழகு எனக்கு அறுபதில் வந்திருக்கிறது, வயிறெரி.

இரண்டே வாரத்தில் ராத்திரித் தூக்கம் திரும்பியது. ஆனால் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் இன்னும் கொஞ்சம் அடைப்பு. சால்பூட்டமால் பம்ப் (இன்ஹேலர்) அடித்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினால் அளவு நன்றாக ஏறியது. அப்படி ஏறினால் உள்ளே ஆஸ்துமா இருக்கிறது என்று அர்த்தமாம். சொட்டு அதை எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். அதனால் தினமும் இன்ஹேலர். உன் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது: "பம்ப் பழகிடும்டி." நானும் அதையேதான் சொன்னேன், டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். பம்பில் ஓர் அழுத்து 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. ஆனால் அது அந்த நேரத்து அவஸ்தைக்கு மட்டும். உள்ளே வீங்கிச் சிவந்திருப்பதை ஆற்றுவது ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். நன்றாக இருக்கிற நாளிலும் விடாமல் இழுக்க வேண்டும், இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். முதல் பத்து நாள் நான் மருந்தை நாக்குக்கே அபிஷேகம் செய்துகொண்டிருந்தேன். இடையில் பொருத்தும் ஸ்பேசர் குப்பியைக் கொடுத்து, மெல்ல இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கச் சொன்ன பிறகுதான் உருப்பட்டேன்.

இப்போது உன் கதைக்கு வா. என்னுடையதுதான் உனக்கும் என்று சொல்ல வரவில்லை. உன் பிரஷர் மாத்திரையின் பெயர் "பிரில்" என்று முடிகிறதா பார். எனலாபிரில், ராமிபிரில் வகை. அதில் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வரும், ஆரம்பித்துப் பல மாதம் கழித்துக்கூட. மாற்றினால் சில வாரத்தில் போய்விடும், சிலருக்கு மூன்று மாதமும் ஆகும். ஆனால் அது சாதாரணமாக விசிலடிக்காது. நான் கேட்டது விசில். அதனால் பழியை மாத்திரை மேல் போட்டுவிட்டுத் தப்பிக்காதே, நீயாக நிறுத்தவும் செய்யாதே. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்குகிறதா? அப்படியென்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும், அதுவும் இழுப்பு மாதிரியே வேஷம் போடும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம் இருந்தால் நாளைக்கே போ, சளியைச் சோதிக்கச் சொல். எட்டு வாரம் தாண்டிய இருமலை நாள்பட்டது என்கிறார்கள். உனக்கு ஏழு என்று நீயே ஒத்துக்கொண்டாய், அதாவது பத்து. உன் கணக்கு எனக்குத் தெரியும்.

போகும்போது வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு போ. சொட்டு, களிம்பு, தலைவலிக்கு நீ ரகசியமாகப் போடும் மாத்திரை எல்லாம். அந்தக் கடைசி வகைகூடச் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்புமாம். சின்ன வயசில் என்ன இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்.

சரோ, அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பேச மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம்தான். உனக்குத் தெரிந்திருந்தால் கண் டாக்டர் முன்னாலேயே "இவளா? இவ ஹார்மோனியமாச்சே" என்று போட்டு உடைத்திருப்பாய். உன்னை வைத்துக்கொண்டு ஒளித்ததற்கு எனக்கு வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கூப்பிடுவேன். எடுத்ததும் பேசாதே. நன்றாக ஒரு மூச்சு இழுத்து, முழுசாக வெளியே விடு. நான் கேட்க வேண்டும்.

உன்,
ஹார்மோனியம்