பால் மோனெட்டுக்கு, ஒரு டிபன் கேரியரைப் பற்றி

அன்புள்ள பால் மோனெட் அவர்களுக்கு,

உங்கள் காதலர் ராஜர் ஹார்விட்ஸ் எய்ட்ஸில் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய ‘பாரோட் டைம்’ (Borrowed Time) புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒரே ராத்திரியில். இரண்டாவது முறை ஒரு மாதம் பிடித்தது, ஏனென்றால் பக்கத்துக்குப் பக்கம் என் மாமா குறுக்கே வந்து நின்றார்.

மாமா 1999இல் திருச்சியில் எங்கள் வீட்டில் இறந்தார். அம்மாவுக்குத் தம்பி. வந்தவர்களிடமெல்லாம் டி.பி. என்று சொன்னோம். எனக்கு அப்போது பதினேழு வயது. நானும் அப்படித்தான் சொன்னேன். மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. என்ன மருந்து கொடுத்தார்கள், என்றைக்கு எழுந்து உட்கார்ந்தார், கடைசியாக என்ன கேட்டார், எதுவும் இல்லை. ஆனால் உங்கள் ராஜர் ஹார்விட்ஸைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும். நான் பார்த்தே இராத ஒருவர், என் மாமாவைவிட எனக்கு நெருக்கமாகிவிட்டார். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

1985 மார்ச் 12. ராஜருக்கு எய்ட்ஸ் என்று உறுதியான நாள். 1986 அக்டோபர் 22. அவர் இறந்த நாள். நடுவில் பத்தொன்பது மாதம். அந்தப் பத்தொன்பது மாதத்தை நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி நோயை யாரும் எழுதி நான் படித்ததில்லை. சுராமின் என்று ஒரு மருந்து. அதில் எவ்வளவு நம்பிக்கை வைத்தீர்கள், அது உடம்பை எப்படி உலுக்கிவிட்டது! பிறகு ஏஇசட்டி என்ற எய்ட்ஸ் மருந்து. அதைப் பரிசோதனையில் இருக்கும்போதே ராஜருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். அமெரிக்க அரசு அதற்கு முறையாக அனுமதி கொடுத்ததே 1987 மார்ச்சில்தான். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் எத்தனை நடை, எத்தனை தொலைபேசி அழைப்பு. கண் பார்வை போன பிறகு ராஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளேட்டோவை வாசித்துக் காட்டினீர்கள். படித்த மனிதர், வக்கீல், ஹார்வர்டில் ஒப்பிலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருக்குப் புத்தகம் இல்லாமல் முடியாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய் நின்றேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஆள் பழக்கம் இருந்தது. டாக்டர்கள் தெரிந்தவர்கள், ஹாலிவுட் மலைமேல் வீடு, காசு புரட்ட வழி. அந்த ஊரிலேயே அதெல்லாம் இல்லாமல் செத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். புத்தகத்தைப் படிக்கும்போது இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அவ்வளவு இருந்தும் பத்தொன்பது மாதத்துக்குமேல் இழுக்க முடியவில்லை என்பதை நினைக்கும்போது, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ராஜர் போய் ஏழு மாதம் கழித்துத்தான், 1987 மே கடைசியில், உங்கள் ஜனாதிபதி ரீகன் எய்ட்ஸைப் பற்றி முதல் பெரிய உரையை நிகழ்த்தினார். கோபப்படாமல் வேறு எப்படி எழுதுவது?

எங்கள் ஊர்க் கதையும் அதே வருடத்தில்தான் தொடங்குகிறது. ராஜர் இறந்த 1986இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் என்ற டாக்டரும் நிர்மலா என்ற மாணவியும் சேர்ந்து, இந்தியாவில் முதன்முதலாக எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆறு பெண்களின் ரத்தத்தில். வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதுவரை இது வெள்ளைக்காரன் நோய், இங்கே வராது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த பிறகும் பல வீடுகளில் அதற்கு டி.பி. என்றுதான் பெயர்.

அப்புறம் உங்கள் சுயசரிதை, ‘பிகமிங் எ மேன்’. 1992இல் அதற்குத்தான் நேஷனல் புக் அவார்ட் கிடைத்தது. மாசசூசெட்ஸில் லாரன்ஸ் என்ற ஆலைத் தொழில் ஊரில் 1945இல் பிறந்தீர்கள். முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த ஒரு தம்பி. வீட்டுக்கு ஒரு கவலை போதும், நாம் குறையில்லாத பிள்ளையாக இருந்துவிட வேண்டும் என்று நினைத்த அண்ணன். ஆண்டோவர் பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே உதவித்தொகையில் படித்து, பிறகு யேல் பல்கலைக்கழகம். வெளியே பார்த்தால் எல்லாம் வெற்றி. உள்ளே, இருபத்தைந்து வயது வரைக்கும் சொல்லிக்கொள்ள எனக்கென்று ஒரு கதையே இல்லை என்று எழுதுகிறீர்கள். காதல் இல்லை, தோல்வி இல்லை, சண்டைகூட இல்லை. மற்றவர்கள் வாழ்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றவன்.

நானும் தன்பாலீர்ப்பாளன்தான். கல்லூரி விடுதியில் பையன்கள் பெண்களைப் பற்றிப் பேசும்போது எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பேன். ஒரு நொடி முன்னேயும் இருக்கக் கூடாது, பின்னேயும் இருக்கக் கூடாது. அந்தக் களைப்பை உங்களைப் படிக்கும் வரை நான் களைப்பு என்று அறிந்ததில்லை. என் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ராஜரை 1974இல் பாஸ்டனில் சந்தித்தீர்கள். மூன்று வருடம் கழித்து இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோனீர்கள். கவிதை, நாவல், அப்புறம் வீட்டுச் செலவுக்காகப் படங்களை நாவலாக்கிக் கொடுக்கும் வேலை. ‘ஸ்கார்ஃபேஸ்’, ‘பிரிடேட்டர்’ எல்லாம் உங்கள் கையெழுத்து என்று தெரிந்தபோது ஆச்சரியப்பட்டேன். அதில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ராஜரின் மரணத்துக்குப் பிறகு எழுதிய உரைநடை வேறு கை எழுதியது. 1988இல் வந்த ‘லவ் அலோன்’ கவிதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பதினெட்டு இரங்கற்பா, எதிலும் நிறுத்தற்குறி கிடையாது. மூச்சு வாங்க இடம் கொடுக்காமல் அழுகிறவன் பேசுகிற மாதிரி. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஒப்பாரி இப்படித்தான் ஓடும்.

அதற்குப் பிறகும் நீங்கள் காதலித்தீர்கள். ஸ்டீபன் கோல்சாக் 1990இல் அதே நோயில் போனார். பிறகு வின்ஸ்டன் வைல்ட். 1995 பிப்ரவரி 10, உங்கள் முறை. நாற்பத்தொன்பது வயது. அதே வருடம் டிசம்பரில் எய்ட்ஸுக்கான புது வகை மருந்துகளில் முதலாவதற்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருடமே கூட்டு மருந்தில் படுக்கையிலிருந்து ஆட்கள் எழுந்து நடந்தார்கள். பத்து மாதம், பால். மாமாவுக்கு இந்தக் கணக்கு ஐந்து வருடம். இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்.

சரி, மாமாவின் சிநேகிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவரை அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, சைக்கிள். மாமா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தினமும் காலையில் மூன்றடுக்கு டிபன் கேரியரில் கஞ்சி கொண்டு வருவார். பாட்டி அவரை உள்ளே விட மாட்டாள். அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். நான் கேரியரை வாங்கி உள்ளே கொண்டுபோய் மாமாவுக்கு ஊட்டிவிட்டு, காலி அடுக்கைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். “எவ்வளவு சாப்பிட்டார் தம்பி?” என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். நான் “பாதி” என்பேன். சில நாள் பொய்.

கடைசி நாள் காலையிலும் அவர் வந்தார். அதற்குள் ஜனம் கூடிவிட்டது. கேரியரை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றார். பாடையைத் தூக்கும்போதும் அங்கேதான் நின்றார். யாரும் வா என்று கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருக்குச் சொல்லவே இல்லை. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நீங்கள் ராஜருக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று படித்தபோது அந்த விளக்குக் கம்பம்தான் ஞாபகம் வந்தது.

போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கேரியர் கிடைத்தது. அன்றைக்கு அப்படியே எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கிறது. மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. இரண்டு பேரின் முதலெழுத்து, கீழே ‘12-1-91’ என்று ஒரு தேதி. எங்கள் வீட்டில் கல்யாணப் பாத்திரத்தில்தான் இப்படி இரண்டு எழுத்தைச் சேர்த்து வெட்டுவார்கள். அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “அவன் ஜங்ஷன் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் இருந்தான்” என்றாள். இருபத்தைந்து வருடத்துக்குமேல் கழித்து அவரைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

அவருக்கு இப்போது எழுபது வயதாவது இருக்கும். அடுத்த வாரம் ஜங்ஷன் பக்கம் போய் விசாரிக்கப் போகிறேன். கேரியரைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.